எந்த வெர்ஷன்? – கேரி கில்டால் கதை



ஆண்டு மலருக்கு ஓர் அறிஞரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி நம் பேரவைச் செயலாளர் கேட்டார். எடிசன், இராமானுஜன், அப்துல் கலாம் எல்லாரையும் வேறு யாராவது எழுதிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் எடுத்துக்கொண்டவர் கேரி கில்டால். கணிப்பொறி உலகத்தில் பெரிய பெயர். ஆனால் நான் படித்த பாடப்புத்தகம் எதிலும் அவர் என் கண்ணில் படவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒட்டன்சத்திரத்தில் நான் பட்ட அவமானம்தான் அவரை எனக்கு அறிமுகம் செய்து வைத்தது. முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பாச்சலூர். கொடைக்கானல் தாலுகாதான், ஆனால் ஏரியும் படகும் உள்ள கொடைக்கானல் இல்லை. காபி, மிளகு, மலைவாழை, பீன்ஸ், சௌசௌ விளையும் கீழ்ப்பழனி மலை. எங்க ஊர்க் காய்கறி வடகாடு வழியாக ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு இறங்கும். அங்கே என் தாய்மாமாவுக்கு ஒரு கமிஷன் மண்டி இருக்கிறது. சரக்கு, எடை, விலை, கமிஷன், இறக்குக்கூலி எல்லாம் போட்டு விவசாயிக்குச் சிட்டை அச்சடித்துத் தரும் புரோகிராம் ஒன்றை என் இறுதியாண்டுப் புராஜெக்டாக எழுதினேன். பைத்தானில் எழுதி, நம்ம லேப் கம்ப்யூட்டரில் பத்து தடவை ஓட்டிப் பார்த்து, பென் டிரைவில் போட்டுக்கொண்டு பாச்சலூரிலிருந்து காலை பஸ்ஸில் கிளம்பினேன். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப எனக்குள் ஒரே பெருமை!

மண்டியில் மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. எங்க ஊர்க்காரங்க ஏழெட்டுப் பேர் காசுக்குக் காத்து நின்றார்கள். மாமா அன்றைக்குச் சிட்டைப் புத்தகத்தை எடுக்கவே இல்லை, மருமகன் கம்ப்யூட்டர் சிட்டை தரப் போகிறான் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். நான் புரோகிராமைத் திறந்தேன். திரையில் ஒரு பிழைச் செய்தி வந்தது. இன்னொரு தடவை திறந்தேன், அதே செய்தி. அரைமணி நேரம் வேர்த்து விறுவிறுத்ததுதான் மிச்சம். மாமா ஒன்றும் பேசாமல் சிட்டைப் புத்தகத்தை எடுத்துப் பேனா மூடியைத் திறந்தார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

புராஜெக்ட் ரிவியூவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. மறுநாள் எங்கள் ஆசிரியர் ஒருவரிடம் போய்ப் புலம்பினேன். அவர் என் கோடைப் பார்க்கவே இல்லை. அந்தக் கம்ப்யூட்டரில் ஓடுவது எந்த ஆபரேட்டிங் சிஸ்டம், எந்த வெர்ஷன், எத்தனை பிட் என்று மட்டும் கேட்டார். நான் திருதிருவென்று முழித்தேன். மூன்று வருஷம் கம்ப்யூட்டர் படித்தவன் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமலே மலையிறங்கியிருக்கிறேன்! அப்போதுதான் அவர் கேரி கில்டாலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அதன்பிறகு நானே தேடிப் படித்ததையும் சேர்த்து உங்களுக்குச் சொல்கிறேன்.

மாலுமி வீட்டுப் பிள்ளை

கேரி ஆர்லன் கில்டால் 1942 மே 19-ம் தேதி அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தார். கப்பல் ஓட்டுகிறவர்களுக்கு வழி காணும் கலையைச் சொல்லிக் கொடுக்கும் பள்ளி ஒன்றை அவர் குடும்பம் நடத்தி வந்தது. சிறுவயதில் கேரி படிப்பில் பெரிய சூரர் இல்லை. கார், எலக்ட்ரானிக்ஸ் என்று எதையாவது கழற்றி மாட்டுவதில்தான் ஆசை. (நம்ம ஆளு!) பிறகு கணக்கு வாத்தியார் ஆகலாம் என்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே கம்ப்யூட்டர் அவரைப் பிடித்துக்கொண்டது. 1963-ல் பள்ளித் தோழி டோரத்தியை மணந்தார்.

அது வியட்நாம் போர்க் காலம். கடற்படைப் பணிக்கு அழைப்பு வந்தது. கலிபோர்னியாவில் மாண்டெரே என்னும் ஊரிலுள்ள கடற்படை முதுநிலைப் பள்ளியில் பாடம் நடத்தும் வேலை அவருக்குக் கிடைத்தது. கணக்கு வாத்தியார் ஆக நினைத்தவர் கம்ப்யூட்டர் வாத்தியார் ஆனார். 1972-ல் டாக்டர் பட்டமும் வாங்கினார். கம்பைலர் ஒரு புரோகிராமைத் தானே சீர்படுத்திக்கொள்வது எப்படி என்று 1973-ல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையை அந்தத் துறையில் இன்றும் மதிக்கிறார்கள். ஆக, இவர் வெறும் வியாபாரி அல்ல. முதலும் கடைசியுமாக ஓர் ஆசிரியர்.

சிப்பு மட்டும் போதுமா?

1971-ல் இன்டெல் கம்பெனி 4004 என்ற மைக்ரோபிராசசரை வெளியிட்டது. அதைத் தெருவிளக்குக்கும் கால்குலேட்டருக்கும் ஆகிற சிப்பு என்று நினைத்தவர்கள் பலர். கில்டால் அதில் ஒரு முழுக் கம்ப்யூட்டரைப் பார்த்தார். ஒன்றை வாங்கிப் புரோகிராம் எழுதிப் பழகினார். பள்ளியில் பாடம் இல்லாத நாள்களில் இன்டெல்லுக்கு ஆலோசகராகப் போனார். 8008, 8080 சிப்புகளுக்காக பி.எல்./எம் என்ற கம்ப்யூட்டர் மொழியை அவர் உருவாக்கிய ஆண்டு 1973.

சிப்பு இருந்தது, மொழியும் வந்துவிட்டது. ஆனால் எழுதியதைச் சேமிக்கவும் எடுக்கவும் வசதி வேண்டாமா? அப்போது பலருக்கும் துளையிட்ட காகிதச் சுருள்தான் கதி. கில்டால் ஒரு ஃபிளாப்பி டிஸ்க் டிரைவைப் பெற்றார். ஆனால் அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சர்க்யூட்டைத் தானே செய்து தோற்றுப்போனார். நண்பர் ஜான் டோரோட் கை கொடுத்து அந்தக் கன்ட்ரோலரைக் கட்டித் தந்தார். 1974-ல் பசிபிக் குரோவ் என்ற ஊரில் அந்த ஏற்பாடு உயிர் பெற்றது. டிஸ்க்கிலிருந்து தானாகவே ஏறி, கட்டளைக்குக் காத்து நிற்கும் ஒரு சிறு ஆபரேட்டிங் சிஸ்டம்! அதற்கு அவர் வைத்த பெயர் சி.பி./எம்.

இன்டெல் பி.எல்./எம்-ஐ எடுத்துக்கொண்டது, சி.பி./எம் வேண்டாம் என்றுவிட்டது. கேரியும் டோரத்தியும் தாங்களே ஒரு கம்பெனி தொடங்கினார்கள். முதலில் வைத்த பெயரில் அண்டசராசரம் எல்லாம் இருந்தது. பிற்பாடு டிஜிட்டல் ரிசர்ச் என்று சுருங்கியது. அவர் புரோகிராம் எழுத, டோரத்தி வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

இங்கேதான் அவருடைய பெரிய யோசனை. ஒவ்வொரு கம்பெனியும் கம்ப்யூட்டரை ஒவ்வொரு விதமாகக் கட்டும். அத்தனைக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் திருப்பி எழுத முடியுமா? கில்டால் அதை இரண்டாகப் பிரித்தார். வன்பொருளைத் தொடுகிற வேலைகளை மட்டும் அடியில் ஒரு சிறு பகுதியாக ஒதுக்கி, அதற்கு பயாஸ் என்று பெயரிட்டார். நாம் கம்ப்யூட்டரைப் போட்டதும் டெல் கீயை அழுத்திப் பார்க்கிறோமே, அந்த பயாஸ் என்ற பெயர் வந்தது இவரிடமிருந்துதான்! மிஷினுக்கு மிஷின் பயாஸை மட்டும் மாற்றினால் போதும், மேலே உள்ளது எல்லாருக்கும் பொது. 1980-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 3000 வகைக் கம்ப்யூட்டர்களில் சி.பி./எம் ஓடியது என்று கணக்கிடுகிறார்கள். வேர்டுஸ்டார், டி-பேஸ் போன்ற புரோகிராம்கள் அதன்மேல்தான் வளர்ந்தன.

பன்னிரண்டாம் நம்பர் கேள்வி

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். 1.4 வெர்ஷன் வரை சி.பி./எம் ஒரே வகை எட்டு அங்குல ஃபிளாப்பியை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருந்தது. 1979-ல் வந்த இரண்டாம் வெர்ஷனில் பெரிய டிஸ்க்குகளும், ஃபைலின் நடுவில் நினைத்த ரெக்கார்டுக்குத் தாவும் வசதியும் சேர்ந்தன. இந்தப் புது வசதியை நம்பி எழுதிய புரோகிராமைப் பழைய 1.4-ல் போட்டால் என்ன ஆகும்? ஒட்டன்சத்திரத்தில் எனக்கு ஆனதுதான் ஆகும்!

அதற்குக் கில்டாலின் சிஸ்டத்தில் ஒரு மருந்து இருந்தது. 8085 கிட் தொட்ட சீனியர்களுக்கு இது உடனே புரியும். சி ரெஜிஸ்டரில் 12 என்ற எண்ணைப் போட்டு, 5-ம் முகவரியைக் கால் செய்ய வேண்டும். ஹெச்-எல் ரெஜிஸ்டர் ஜோடியில் பதில் வரும். பதில் சைபர் என்றால் இரண்டாம் வெர்ஷனுக்கு முந்தையது. எல்-ல் ஹெக்ஸ் 22 என்றால் 2.2. ஹெக்ஸ் 31 என்றால் 3.1, அதாவது 1983-ல் பரவிய சி.பி./எம் பிளஸ். ஹெச்-ல் 1 வந்தால் பலர் ஒரே நேரத்தில் உபயோகிக்கும் எம்.பி./எம். இரண்டே கட்டளைதான்! ஒழுங்கான புரோகிராம் முதல் வேலையாக இதைக் கேட்கும். பதில் ஒத்துவராவிட்டால், இந்த வெர்ஷன் போதாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வெளியேறும். உபயோகிக்கிறவர் நடுத்தெருவில் நிற்க மாட்டார்.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இந்த எண் மேலே உள்ள பொதுப் பகுதியின் வெர்ஷனை மட்டும்தான் சொல்லும். அடியில் உள்ள பயாஸ் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அதனால் இரண்டு மிஷினுமே 2.2 என்று சொன்னாலும், ஒன்றின் ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பியை மற்றொன்று படிக்காது. வெர்ஷனைக் கேட்கிறவன் எந்த அடுக்கின் வெர்ஷன் என்றும் கேட்க வேண்டும்!

கைநழுவிய 1980

1980-ல் ஐ.பி.எம் கம்பெனி தன் பெர்சனல் கம்ப்யூட்டருக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் தேடிப் பசிபிக் குரோவ் வந்தது. அன்று காலை கில்டால் ஊரில் இல்லை. விமானம் ஓட்டுவது அவருக்கு உயிர். ஐ.பி.எம்-ஐக் காக்க வைத்துவிட்டு ஜாலியாகப் பறக்கப் போய்விட்டார் என்று ஒரு கதை உலகமெல்லாம் பரவியது. உண்மையில் அவர் போனது ஒரு வாடிக்கையாளரைப் பார்க்கும் கம்பெனி வேலைக்கு. ஐ.பி.எம் நீட்டிய ரகசிய ஒப்பந்தத்தில் டோரத்தி உடனே கையெழுத்துப் போடத் தயங்கினார். அதன்பிறகு நடந்ததை ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள். கதைக்கும் வெர்ஷன் உண்டு பாருங்கள்!

பேரம் படியவில்லை. ஐ.பி.எம் மைக்ரோசாஃப்ட்டிடம் போனது. டிம் பேட்டர்சன் என்ற இளைஞர் சியாட்டிலில் ஒரு சிறு கம்பெனிக்காக எழுதியிருந்த 86-டாஸை மைக்ரோசாஃப்ட் விலைக்கு வாங்கித் தந்தது. சியாட்டில் கில்டால் பிறந்த ஊர், விதியைப் பாருங்கள். 1981 ஆகஸ்ட் 12-ல் ஐ.பி.எம் பி.சி வெளியானது. சி.பி./எம் புரோகிராம்களை எளிதாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்காக 86-டாஸின் சேவை எண்கள் பலவும் சி.பி./எம்மின் எண்களையே பின்பற்றியிருந்தன. கில்டால் கொதித்துப் போனார். வழக்குப் போடாமல் இருக்க, சி.பி./எம்-86-ஐயும் சேர்த்து விற்க ஐ.பி.எம் ஒப்புக்கொண்டது. கடைக்கு வந்தபோது டாஸ் 40 டாலர், சி.பி./எம்-86 240 டாலர். யார் எதை வாங்குவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை!

டாஸும் வெர்ஷன் கேள்வியை விட்டுவிடவில்லை. 1983-ல் வந்த 2.0 முதல் அதற்கென்று தனிச் சேவை எண் வந்தது. பழைய 1.x டாஸில் அதைக் கேட்டால் பதில் சைபர். சி.பி./எம்மில் பார்த்த அதே ஏற்பாடு!

3.31 என்ற முகமூடி

கில்டால் சும்மா உட்காரவில்லை. ஒரே நேரத்தில் பல வேலை செய்யும் சிஸ்டங்கள், 1985-ல் ஜெம் என்ற படத்திரை, அதே ஆண்டில் ஒரு முழுக் கலைக்களஞ்சியத்தை ஒரே சி.டி.ராமில் அடக்கிய கம்பெனி என்று ஓடிக்கொண்டே இருந்தார். 1983 முதல் பல ஆண்டுகள் ஒரு கம்ப்யூட்டர் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வந்து, ஆசிரியருக்கே உரிய பொறுமையோடு எல்லாருக்கும் விளக்கிச் சொன்னார்.

1988-ல் அவர் கம்பெனி டி.ஆர்.டாஸ் வெளியிட்டது. எம்.எஸ்.டாஸுக்கு மாற்று, அதன் புரோகிராம்கள் எல்லாம் இதிலும் ஓடும். எப்படி ஓடும்? நீ எந்த வெர்ஷன் என்று புரோகிராம் கேட்டால், நான் 3.31 என்று எம்.எஸ்.டாஸ் வெர்ஷனையே பதிலாகத் தரும். 1990-ல் வந்த 5.0, 1991-ல் வந்த 6.0 இரண்டும்கூட இந்தக் கேள்விக்கு 3.31 என்றே சொல்லின. நிஜ வெர்ஷனை அறிய வேறொரு கேள்வி கேட்க வேண்டும். பொய் சொல்லத்தானா? இல்லை. உண்மையைச் சொன்னால் புரோகிராம்கள் ஓட மறுக்குமே!

இதற்கு எதிர் ஆட்டமும் நடந்தது. 1991 கடைசியில் சோதனைக்கு அனுப்பிய விண்டோஸ் 3.1 பீட்டாவில், கீழே இருப்பது நிஜ எம்.எஸ்.டாஸா என்று ரகசியமாகச் சோதித்து, இல்லையென்றால் புரியாத பிழைச் செய்தி காட்டும் ஒரு பகுதி இருந்தது. விற்பனைக்கு வந்த பதிப்பில் அந்தச் செய்தியை முடக்கிவிட்டார்கள். பிற்காலத்தில் டி.ஆர்.டாஸை வாங்கிய கால்டெரா கம்பெனி 1996-ல் மைக்ரோசாஃப்ட் மீது போட்ட வழக்கில் இதுவும் பேசப்பட்டது. 2000-ல் சமரசம் ஆனது. எந்த வெர்ஷன் என்ற சாதாரணக் கேள்வி, யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்ற கேள்வியாக மாறிவிட்டது!

கில்டால் 1991-லேயே கம்பெனியை நோவெல்லுக்கு விற்றுவிட்டு டெக்சாஸ் பக்கம் போய்விட்டார். பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் போன இடமெல்லாம் அந்த விமானக் கதையே முன்னால் வந்து நின்றது. ஒரு பல்கலைக்கழக விழாவில்கூட அது அவரை விடவில்லை என்று படித்தபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. கடைசிக் காலத்தில் குடியோடும் அவர் போராடினார் என்று அவர் பிள்ளைகளே மறைக்காமல் சொன்னார்கள். 1994 ஜூலையில் மாண்டெரேயில் தலையில் அடிபட்டு, சில நாளில், 11-ம் தேதி காலமானார். வயது 52.

2014-ல் அவருடைய பழைய அலுவலகக் கட்டடத்தின் முன் ஐ.இ.இ.இ அமைப்பு நினைவுப் பலகை பதித்தது. அதே ஆண்டில் கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகம் சி.பி./எம்மின் பழைய மூலநிரலை எல்லாரும் படிக்க வெளியிட்டது. நண்பர்களே, அதை எடுத்துப் பாருங்கள், சிறிய புரோகிராம்தான்.

மறுபடி மலையிறங்கினேன்

அடுத்த ஞாயிறு மண்டிக்குப் போனேன். இந்தத் தடவை பென் டிரைவை வெளியே எடுக்கவே இல்லை. விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி, வின்வெர் என்ற கட்டளையைத் தட்டினேன். விண்டோஸ் 7, உள் எண் 6.1. கம்ப்யூட்டர் படத்தில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தேன். 32 பிட். எல்லாம் விளங்கிவிட்டது. நான் கட்டிக் கொண்டுபோனது 64 பிட் புரோகிராம். 32 பிட் புரோகிராம் 64 பிட் விண்டோஸில் ஓடும், அதைத் திருப்பிப் போட்டால் ஓடாது. போதாக்குறைக்கு நான் எழுதியது புதிய பைத்தானில். விண்டோஸ் 7-ல் ஓடும் கடைசி வரிசை பைத்தான் 3.8. அதற்கு மேல் 3.9 முதல் ஓடாது.

லேப்புக்கு வந்து 32 பிட் பைத்தான் 3.8-ல் திரும்பக் கட்டினேன். ஆரம்பத்திலேயே வெர்ஷனைக் கேட்டு, ஒத்துவராவிட்டால் தமிழில் சொல்லும் நாலு வரியும் சேர்த்தேன். ரிவியூவுக்கு இரண்டு நாள் முன்னால் மாமாவின் மண்டியில் முதல் சிட்டை அச்சாகி வந்தது. எங்க ஊர்ப் பெரியவர் ஒருவரின் மூன்று மூட்டை பீன்ஸுக்கான சிட்டை அது. அவர் கூட்டலை விரல் விட்டுச் சரிபார்த்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மாமா சிட்டைப் புத்தகத்தை மேஜை டிராயருக்குள் வைத்தார். தூக்கிப் போடவில்லை, அவரும் விவரமானவர்தான்! விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டதால், அந்தக் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் இணைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

இன்றைக்கும் முகமூடிகள் உண்டு நண்பர்களே. விண்டோஸ் 11-ன் உள் எண் 10.0 என்றே வரும். பில்டு எண் 22000 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் அது 11. லினக்ஸில் யூநேம் கட்டளை சொல்வது கெர்னலின் வெர்ஷன். எந்த டிஸ்ட்ரிபியூஷன் என்று அறிய, ஈ.டி.சி டைரக்டரியில் ஓ.எஸ்-ரிலீஸ் என்ற ஃபைலைத் திறந்து பார்க்க வேண்டும். கில்டால் காலத்தில் போலவே, எந்த அடுக்கு என்று சேர்த்துக் கேட்டால்தான் பதிலுக்கு அர்த்தம்.

நாளை நாம் சர்வீசுக்குப் போவோம், கம்பெனிக்குப் போவோம். நம்மில் சிலர் பெரிய பெயர் எடுக்கலாம், பலருடைய வேலை பயாஸ் மாதிரி அடியிலேயே கிடக்கலாம். அடியில் கிடப்பவரைத் தேடிக் கேட்கும் பழக்கம் இருந்தால் மிஷினும் ஏமாற்றாது, வரலாறும் ஏமாற்றாது. யாருடைய கம்ப்யூட்டரில் கை வைத்தாலும் முதலில் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். கேட்கும்போது, அதை இரண்டே கட்டளையில் கேட்க வழி வைத்திருந்த அந்த வாத்தியாரையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.



– பாச்சலூர்க்காரன்,
மூன்றாம் ஆண்டு, கணிப்பொறியியல் பட்டயப் பிரிவு